ஏழு பாகத்தில் இளைப்பாறிய மீன்கள்

வாயுக்களைப் பற்றிய பாடத்தை நான் இருபத்திரண்டு வருடமாகப் படிப்பித்து வருகிறேன். உயர்தர வகுப்பு, இரசாயனவியல். அமுக்கம் கூடினால் கனவளவு குறையும், அமுக்கம் குறைந்தால் கனவளவு கூடும். இதைச் சொல்ல எனக்குப் புத்தகம் வேண்டாம். ஊசி கழற்றிய சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துப் பிடித்துத் தண்டை அமத்தச் சொல்வேன். உள்ளே இருக்கும் காற்று சுருங்கிக் கொடுக்கும். கையை எடுத்தால் தண்டு தானாகத் திரும்பி வரும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. எனக்கு அது பெருமை. இந்தப் பாடத்தை என்னைப் போல் விளங்கப்படுத்த இந்தப் பகுதியில் ஆளில்லை என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. அந்தத் திமிருக்கு என் தம்பியின் இரண்டு கால்களும் போயின.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏழு வருடம் சொல்லாமல் இருந்ததற்கு இதுவாவது மிஞ்சட்டும்.

எங்கள் ஊர் செட்டிபாளையம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் கட்டினால் பெண் வீட்டோடு போய்விடுவான். அப்படி வீடு எனக்கு வந்தது, தம்பி பாசிக்குடாவுக்கு அங்கால் மனைவியின் ஊருக்குப் போனான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. "வீடு கிடக்கு, மாப்பிள்ளையைத்தான் காணல்ல" என்று அவன் பகிடி பண்ணுவான். இரண்டே வயது இளையவன், அதனால் அக்கா என்று கூப்பிட்டாலும் நீ என்றுதான் பேசுவான். அவன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். "வாத்தியார் வீட்டு மக்கு" என்று நான் திருப்பிக் கொடுப்பேன். இப்படியே எங்களுக்குள் கணக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

வாவியில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவன் அங்கே போனதும் மைத்துனர்மாரின் தொழிலுக்கு மாறினான். கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கிற வண்ண மீன்களை உயிரோடு பிடிக்கிற தொழில். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் கிடக்கும் கல் பார்களுக்கு இறங்குவார்கள். கையில் ஒரு சிறு வலை, இடுப்பில் துளையிட்ட மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மட்டும்தான் வேலை. "தின்ன ஏலாத மீனைப் பிடிக்கிறதும் ஒரு தொழிலா?" என்று நான் கேட்டேன். "நீ காத்தைப் பத்திப் படிப்பிக்கிறாய், அதைத் தின்னவா ஏலும்?" என்றான்.

அந்தத் தொழிலில் ஒரு வழமை உண்டு. அதை அவன் சொல்லக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது, ஏனென்றால் அது அப்படியே என் பாடம். மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப் பை இருக்கிறது. பாகத்துக்கு ஆறு அடி என்று பதினைந்து பாகம் ஆழத்தில், அதாவது ஒரு முற்றிய தென்னையை முழுதாக மூடக்கூடிய தண்ணீருக்கு அடியில், அமுக்கம் கரையில் இருப்பதைப் போல் நாலு மடங்குக்குக் கிட்ட வரும். அந்த மீனை ஒரே இழுவையில் மேலே கொண்டுவந்தால் பைக்குள் இருக்கும் காற்று நாலு மடங்காக ஊதும். வயிறு பலூன் மாதிரி ஆகி, கண் பிதுங்கி, மல்லாந்து மிதக்கும். வாங்குகிறவன் அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். ஆகவே மீன் வாளியை நங்கூரக் கயிற்றில் ஏழு பாகத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். அங்கே கொஞ்ச நேரம். பிறகு மூன்று பாகத்துக்கு ஏற்றுவார்கள். அங்கேயும் கொஞ்ச நேரம். பிறகுதான் வள்ளத்துக்கு.

"மீனுக்கு இளைப்பாறல் குடுக்கணும் அக்கா. அவசரப்பட்டா ஊதிரும்."

"அது இளைப்பாறுற நேரம் நீ என்ன செய்வாய்?"

"நான் மேல வந்து அடுத்த சிலிண்டரை மாட்டிக்கிட்டு இறங்கிருவன். நான் என்ன மீனா, வயித்துக்குள்ள பையைக் கட்டிக்கிட்டுத் திரிய?"

நான் சிரித்தேன். சிரித்தது மட்டுமல்ல, அவன் சொன்னது சரி என்றும் நினைத்தேன். மனிதனுக்கு மூச்சு விடத் தெரியும். மேலே வரும்போது நெஞ்சில் ஊதுகிற காற்றை வெளியே விட்டுக்கொண்டு வரலாம். மீனுக்கு அது முடியாது. அப்போது என் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்டிருந்தால் அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், கரும்பலகையில் படம் கீறியும் காட்டியிருப்பேன். மனிதனுக்குள் இரத்தம் என்று ஒன்று ஓடுகிறது, அது ஒரு திரவம், திரவத்தில் வாயு கரையும் என்பது என் நினைவுக்கு வரவில்லை. அதே பாடப் புத்தகத்தில் சில பக்கம் தள்ளித்தான் அது இருக்கிறது. அமுக்கம் கூடக்கூடத் திரவத்தில் கரையும் வாயுவும் கூடும், அமுக்கம் சட்டென்று விட்டால் கரைந்தது குமிழியாகத் திரும்பி வரும். ஒவ்வொரு வருடமும் ஒரு சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்து முன்வாங்கில் இருக்கும் பிள்ளைகளை நனைத்துத்தான் அதைப் படிப்பிப்பேன்.

ஏழு வருடத்துக்கு முன் வைகாசியில் அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு அவன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தான். மனைவியும் பிள்ளையும் கோயிலில் இருந்தார்கள். நான் மேசையில் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் வாசற்படியில் இருந்து மாங்காய் வெட்டித் தின்றுகொண்டு, வலது முழங்கையை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தான்.

"அக்கா, ஒரு விசயம் சொல்லன். ரெண்டாம் சிலிண்டர் முடிஞ்சு மேல வந்தா இந்த முழங்கை உளையுது. மறுகா கீழ இறங்கினா நோ இரிந்த இடமே தெரியிறல்ல. அதென்ன மாயம்?"

"உன்ட மாமி என்ன சொல்றா?" அவன் மாமியார் எந்த நோவுக்கும் கைவைத்தியம் வைத்திருப்பவர்.

"வாய்வுப் பிடிப்பாம். உள்ளியும் இஞ்சியும் அவிச்சுத் தாறா."

எனக்குக் குஷி பிறந்துவிட்டது. ஒரு நல்ல கேள்வி கிடைத்தால் வாத்தியார்மாருக்கு வருகிற குஷி. பேனையை வைத்துவிட்டு, "உன்ட மாமி ஆயுளுக்கு ஒருக்கா உண்மை சொல்லியிரிக்கா" என்றேன். மூட்டுக்குள் சின்னதாகக் காற்றுக் குமிழி ஏதும் இருக்கும், மேலே வந்தால் அமுக்கம் குறையும், அது ஊதும், அதனால் உளையும், கீழே போனால் அமுக்கம் கூடும், அது சுருங்கும், நோ போகும் என்று விரலால் குமிழி காட்டி விளங்கப்படுத்தினேன். விளக்கம் கச்சிதமாக இருந்தது. கையில் இருந்த தாளில் எவனாவது அப்படி எழுதியிருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பேன்.

"அப்ப கீழ போனாச் சரியாகும்" என்றான்.

"ஓம். விதி அப்பிடித்தான்" என்றேன், திரும்பப் பேனையை எடுத்துக்கொண்டு.

ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர் என்று கேட்கவில்லை. குமிழி அங்கே எப்படி வந்தது என்று நான் என்னையே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சோடாப் போத்தல் ஞாபகத்துக்கு வந்திருக்கும். நான் கேட்ட கேள்விக்கு விடை சொல்லிப் பழகியவள். பரீட்சையில் கேட்காத கேள்வியை யார் நினைப்பார்கள்?

ஆவணி மாதம் அது நடந்தது. அவனோடு வள்ளத்தில் இருந்த மைத்துனர் பிறகு சொல்லித்தான் எனக்கு முழுதும் தெரியும். அன்றைக்கு மீன் நன்றாகப் பட்டிருக்கிறது. மூன்று சிலிண்டர் முடித்து மேலே வந்தபோது முழங்கை மட்டுமல்ல, தோளும் முதுகும் உளைந்திருக்கிறது. மைத்துனர் போதும், கரைக்குப் போவம் என்றிருக்கிறார். இவன் நாலாம் சிலிண்டரை மாட்டியிருக்கிறான். "பயப்பிடாதீங்க மச்சான், கீழ போனாச் சரியாகும்" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறான். கீழே சரியாகத்தான் இருந்திருக்கிறது. மைத்துனரும் பின்னால் இறங்கிப் பார்த்தபோது கட்டை விரலை உயர்த்திக் காட்டினானாம். வாளியை வழமை போல ஏழு பாகத்தில் கட்டிவிட்டு மேலே வந்திருக்கிறான். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து காலில் மாட்டியிருந்த துடுப்பைக் கழற்றக் குனிந்தவன், "மச்சான், என்ட காலைக் காணல்ல" என்றானாம். கால் முன்னால்தான் இருந்தது. அவனுக்குத்தான் அது தெரியவில்லை.

அமுக்க அறை உள்ள ஆஸ்பத்திரி திருகோணமலையில். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்புலன்ஸ். போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே பஸ் ஏறிப் போனேன். இரும்புக் குழாய் போன்ற ஓர் அறைக்குள் அவனை வைத்து, காற்றை அமத்தி, திரும்பக் கடலின் ஆழத்துக்குக் கொண்டுபோவது போல் செய்து, மணிக்கணக்காகப் பொறுத்துப் பொறுத்து மேலே கொண்டுவந்தார்கள். வட்டக் கண்ணாடி ஒன்றின் வழியே பார்த்தேன். மீனுக்கு அவன் கொடுத்த இளைப்பாறலை அவனுக்கு இயந்திரம் கொடுத்துக்கொண்டிருந்தது. பிந்திப் போயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "நோ வந்த பிறகும் ஏன் திரும்ப இறங்கினீங்க? கீழ போக நோ குறையும், உண்மை. ஆனா இரத்தத்தில இன்னும் இன்னும் நைதரசன் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். மேல வரக்க எல்லாம் சேர்ந்து குமிழியா வரும். உங்களுக்கு முள்ளந்தண்டில வந்திட்டு. இறங்கச் சொல்லி ஆர் சொன்னது?"

கட்டிலின் ஒரு பக்கம் அவன் மனைவி. மறுபக்கம் சுடுதண்ணீர்ப் பிளாஸ்கோடு நான். தம்பி என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான்.

"ஒருத்தரும் சொல்லல்ல சேர். கடல்ல நாங்க வழமையாச் செய்யிறதுதான்."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'நான்தான் சொன்னேன்' என்று இரண்டு சொல். வகுப்பில் நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் கதைக்கிற வாய் அது. அன்றைக்கு அது திறக்கவில்லை. பிளாஸ்கின் மூடியை இறுக்கிக்கொண்டு நின்றேன். அது ஏற்கெனவே இறுக்கித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, ஒரு விசயம் சொன்னாள். அன்றைக்கு அந்த அமளியில் மீன் வாளியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வேறு வள்ளத்தில் போனவர்கள்தான் கயிற்றை இழுத்து எடுத்துக் கொண்டுவந்து தொட்டியில் விட்டிருக்கிறார்கள். வழமையை விட நெடுநேரம் இளைப்பாறிய மீன்கள். ஒன்றுகூடச் சாகவில்லையாம்.

அடுத்த வருடம் வாயுப் பாடம் வந்தபோது சோடாப் போத்தலைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். திறக்க முடியவில்லை. பிள்ளைகள் ஆவலோடு முன்வாங்குக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். தலையிடி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மகிழ மரத்துக்குக் கீழே நின்று அழுதேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்கிறார்கள். எனக்கு ஒரே ஒருவன் போதுமாக இருந்தது, அதுவும் கூடப் பிறந்தவன்.

தம்பி சக்கர நாற்காலிக்கு வந்தான். ஒரு வருடம் யாரோடும் பெரிதாகக் கதைக்கவில்லை. பிறகு மைத்துனர்மார் அவர்கள் வளவுக்குள்ளேயே கொட்டில் போட்டுச் சீமெந்துத் தொட்டிகள் கட்டினார்கள். பிடித்துவரும் மீன்களை அங்கே வைத்துப் பொலித்தீன் பைகளில் அடைத்து அனுப்புவது அவன் வேலையாயிற்று. மச்சாள் மீனை அள்ளிப் பைக்குள் விடுவாள். அவன் ஒட்சிசன் சிலிண்டரின் குழாயைப் பைக்குள் விட்டு வாயுவை நிரப்புவான். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஒட்சிசன். பிறகு அவள் றப்பர் வளையத்தால் முறுக்கிக் கட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறிப் போவேன். ஏழு வருடத்தில் நான் போகாத ஞாயிறுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கொட்டிலுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பையைத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நிரப்பலாமே என்றேன்.

"கூடாது. பிளேன்ல ஏத்தினா மேல போகப் போக ஊதும். ஊதுறதுக்கு இடம் விடணும்" என்றான் தம்பி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதையை மாற்றினான்.

மத்தியானம் மச்சாள் சோறு போடுவாள். பாரைக் கறி என்றால் நடுத்துண்டு எனக்கு. வேண்டாம் என்றாலும் வைப்பாள். பதமாக வைத்த கறி, குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு எனக்குச் சுகமாக இறங்கியதில்லை. டொக்டருக்குச் சொல்லாததை இவளுக்காவது சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போவேன். கல்லடிப் பாலம் தாண்டும்போது சொற்கள் எல்லாம் தயாராக இருக்கும். அவள் வாசலுக்கு வந்து "வாங்க மச்சாள்" என்றதும் எல்லாம் போய்விடும். புருசனைத் தூக்கிக் கட்டிலில் வைத்துத் தூக்கி இறக்கி அவள் முதுகு வளைந்துவிட்டது. அவளிடம் எப்படிச் சொல்ல? சொன்னால் இந்த வாசலும் எனக்கு மூடிவிடும் என்ற பயம். உண்மை அதுதான்.

அது நடந்தபோது அவர்கள் மகளுக்குப் பத்து வயது. இப்போது உயர்தரம் படிக்கிறாள், இரசாயனவியல். போன மாதம் ஒரு ஞாயிறு, பின்னேரம், கொட்டிலுக்குள் அவள் கொப்பியை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். வாயுப் பாடம் தொடங்கியிருக்கிறதாம். தம்பி பை நிரப்பிக்கொண்டிருந்தான், மச்சாள் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் விதியை நான் சொல்ல எழுதினாள். எழுதி முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"மாமி, அப்பாக்குக் கீழ போனா நோ போயிருமாமே. அண்டைக்கு வள்ளத்தில இரிந்த மாமா சொன்னவர். அதுவும் இந்த விதிதானா?"

"அதை விடு மகள், பாடத்தைப் படி" என்றான் தம்பி. கை குழாயை விடவில்லை. "அது சும்மா கடல் வழமை. எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதான்."

இரண்டாவது தடவையாக அவன் எனக்காகப் பொய் சொன்னான். அதுவும் தன் பிள்ளையிடம். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"வழமை இல்ல" என்றேன். "ஓம், இந்த விதிதான். அப்பாவுக்கு அதைச் சொல்லிக்குடுத்தது நான். குளிர்த்திக்கு வந்தபோது கேட்டவன். கீழ போனாச் சரியாகும் எண்டு நான்தான் சொன்னன். மிச்சப் பாடத்தைச் சொல்லல்ல. அதை நம்பித்தான் நாலாம் சிலிண்டரோட இறங்கினவன்."

பிள்ளை தகப்பனைப் பார்த்தாள். தம்பி ஒட்சிசன் சிலிண்டரைப் பூட்டினான். சீறிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நான் மச்சாளின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் கையைப் பார்த்தேன். றப்பர் வளையத்தை மூன்றாவது சுற்றுச் சுற்றி, பையைக் கவிழ்த்துப் பார்த்து, ஒழுகவில்லை என்று கண்டு, பெட்டிக்குள் வைத்தாள்.

"எனக்குத் தெரியும் மச்சாள்" என்றாள். "குளிர்த்தி முடிஞ்சு வீட்ட வந்த அண்டைக்கே சொன்னவர். எங்கட அக்கா விளங்கப்படுத்தினவ, இனிப் பயமில்ல எண்டு சந்தோசமாச் சொன்னவர்."

"அப்ப ஏன் ஒரு நாளும் கேக்கல்ல?"

"கேட்டா என்ன, கால் வருமா? நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன்."

ஏழு வருடம். அத்தனை ஞாயிறும் தெரிந்துகொண்டே வாசலுக்கு வந்து வாங்க என்றிருக்கிறாள். தெரிந்துகொண்டே நடுத்துண்டை எடுத்து வைத்திருக்கிறாள். நான் அழுதேன். ஒருவரும் என்னைத் தேற்றவில்லை, தேற்றாததுதான் நியாயம். மகள் கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி, "மிச்சப் பாடத்தைச் சொல்லுங்க மாமி" என்றாள். சொன்னேன். அமுக்கத்தில் வாயு திரவத்தில் கரைவதையும், கீழே இருக்கும் நேரம் கூடக்கூடக் கரைவது கூடுவதையும், மேலே வரும்போது ஏன் பொறுத்துப் பொறுத்து வரவேண்டும் என்பதையும் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். முதல் தடவையாக முழுப் பாடத்தையும் அவனுக்குச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு போவதா விடுவதா என்று சனிக்கிழமை முழுதும் யோசித்தேன். கடைசியில் போனேன். மச்சாள் வழமை போலச் சோறு போட்டாள். பாரைக் கறிச் சட்டியைத் துழாவி நடுத்துண்டை எடுத்தாள். நான் கையால் மறித்தேன்.

"எனக்கு வேணாம் மச்சாள். இவ்வளவு நாளும் தந்தது போதும்."

"கையை எடுங்க" என்றாள். "இவ்வளவு நாளும் வைக்கணுமே எண்டு வைச்சன். இண்டைக்குத்தான் மனசோட வைக்கிறன்."

கையை எடுத்தேன்.